பாகூரார் பாடாத வெண்பா

செஞ்சி மலைப்பக்கம் பிறந்து, வழிநெடுகச் சிற்றூர்களின் வாய்க்கால்களை நனைத்து வரும் சங்கராபரணி ஆறு, வில்லியனூரை நெருங்கும்போது மட்டும் நடை தளர்ந்து, மணல்திட்டுகளின் இடையே நின்று நின்று செல்லும். ஆனித் திங்களின் அந்தப் பிற்பகலில், கரையோரத்துக் கரும்புத் தோட்டங்கள் காற்றில் சலசலக்க, தேர் நிலைக்கு வந்து இரண்டே நாள் ஆன தெருக்களில் வடம் இழுத்தோர் அடிச்சுவடு இன்னும் அழியாதிருக்க, திருக்காமீசர் கோயிற் கோபுரத்தின் நிழல் நீண்டு கடைத்தெருவின்மேற் சாய்ந்திருந்தது. புதுவையிற் பிரெஞ்சியர் கொடி பறந்த காலம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்காம் ஆண்டு. கோயில் மண்டபத்திற் பாய் விரித்து, நீர்மோர்ப் பானை வைத்து, ஒரு நூலின் அரங்கேற்றத்துக்கு ஊரார் கூடிக்கொண்டிருந்தார்கள். நூலாசிரியர் தெய்வநாயகனாரோ உள்ளே வந்தோரை வரவேற்காமல், வாயிற்படியில் நின்று பாகூர்ச் சாலையைப் பார்த்தபடி, தம் நண்பர் வாராதிருக்க வேண்டும் என்று உள்ளத்துக்குள் வேண்டிக்கொண்டிருந்தார். பதினைந்து ஆண்டு நட்பை அப்படி வேண்டிக்கொள்ளச் செய்த பிழை இன்னதென்று முதலிலே சொல்லிவிடுகிறேன்.

தெய்வநாயகனார் கரும்பு பயிரிட்டு வாழ்ந்தவர். பாட்டு எழுதியும் வாழ நினைத்தவர். எழுதுவதை விட, எழுதியதைப் பிறர் கையில் சேர்ப்பதே பெரும்பாடு என்பதை முதல் நூலிலேயே கண்டுகொண்டார். திருக்கனூர்ச் சந்தையில் மணிலாக் கொட்டை என்னும் வேர்க்கடலை மூட்டைகளுக்கு நடுவே நின்று தம் பாட்டைத் தாமே படித்துக் காட்டுவார். கேட்பவர் மணிலாவை மென்றுகொண்டே கேட்டுவிட்டு, மணிலாவை மட்டும் வாங்கிச் செல்வார்கள். கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் நூற்கட்டைத் தூக்கிச் செல்லும்போது எல்லைக் காவலர் அதை அவிழ்த்து உதறி, உள்ளே கடத்திவரும் பட்டுத்துணி இல்லையென்று வருந்தித் திருப்பித் தருவார்கள். ஊர்தோறும் உள்ள புலவர்க்கெல்லாம் படி அனுப்பி, மடல் எழுதி, மறுமொழிக்கு அஞ்சற்காரன் வரும் வழியைப் பார்த்திருப்பார். அத்தனை பேருள்ளும் இவர் ஏங்கியது ஒருவர் சொல்லுக்கு மட்டுந்தான். அவரே பாகூர் உலகநாதனார். ஏரிக்கரையில் வீடும், ஊரெல்லாம் புகழும் உடையவர். வாயை மட்டும் எண்ணித் திறப்பவர்.

கரும்பின் பெயரால் 'கன்னற்கோவை' என்ற மூன்றாம் நூல் முடிந்தபோது, அதற்கு ஒரு சிறப்புப் பாயிரம், அதாவது நூலின் முகப்பில் நிற்கும் பாராட்டுப் பாட்டு, வேண்டி உலகநாதனாருக்கு எழுதினார். 'தருவேன்' என்று ஒற்றைச் சொல்லில் மறுமொழி வந்தது. அதன்பின் எழுதிய இரண்டு மடல்களுக்கு மறுமொழியே இல்லை. புதுவை அச்சகத்துச் சிங்காரவேலுவோ பொறுமை இழந்துவிட்டார்.

"இன்னா ஐயா பண்றது? ஒரு பாட்டுக்காவ எழுத்தக் கோத்து வெச்சிக்கினு ஒரு மாசமா ஒக்காந்திருக்கேன். அடுத்த வேல காத்துக்கினு கெடக்குது. நாளைக்குக் காலையில பாட்டு வரலன்னா, வெறும் பக்கமா வுட்டு அடிச்சிடுவேன்."

வெறும் பக்கம் என்ற சொல் தெய்வநாயகனாரைச் சுட்டது. உலகநாதனார் பெயரில்லாத நூலை யார் தொடுவார்? தருவேன் என்றவர் தானே, மறந்திருப்பார், மறந்ததை நாம் நினைந்து செய்தால் குற்றமா என்று தமக்குத் தாமே வழக்காடி, தமக்கே வெற்றியும் தந்துகொண்டு, அச்சகத்து மூலையிலேயே அமர்ந்து, நண்பரின் நடையில் நண்பரின் பெயரால் ஒரு வெண்பாவை எழுதிக் கொடுத்துவிட்டார். பதினைந்து ஆண்டு அவர் பாட்டைப் படித்துப் படித்து ஊறிய கை தயங்கவே இல்லை.

ஆலை நெரிக்க அருஞ்சாறாம் கன்னலே
நூலை எடுத்து நுனிநாவால் - மேலோர்
பகர்ந்தாலே தித்திக்கும் பாட்டளித்தான் வில்லி
நகர்த்தெய்வ நாயகன் நன்கு.

நூல் அச்சேறிற்று. அறுபது படிகள், பாகூர் நீங்கலாக, பல ஊர்ப் புலவர்க்கும் சென்று சேர்ந்தன. அதன் பிறகே பாகூரிலிருந்து மடல் வந்தது. 'அரங்கேற்றத்துக்கு வருகிறேன். நூலைக் காதாரக் கேட்டபின் அவையிலேயே பாடித் தருவேன். கேளாத நூலுக்குப் பாயிரம் சொல்லுவது முறையன்று' என்று எழுதியிருந்தார். உலகநாதனார் பழைய முறைக்காரர். முதலில் அரங்கேறும், பிறகு பாயிரம் பெறும், அதன் பின்னரே நூல் ஊருக்குள் செல்லும் என்பது அவர் அறிந்த வழக்கம். அச்சிட்டுவிட்டு அரங்கேற்றும் புதுவழக்கம் அவருக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டும் என்று இவருக்கும் தோன்றவில்லை. தந்த சொல் ஒருமுறை தந்ததே போதும் என்று அவர் வாளா இருந்திருக்கிறார். மடலைப் படித்த தெய்வநாயகனார் அன்றே நடந்ததையெல்லாம் வீட்டில் சொன்னார்.

இல்லாள் கோகிலாம்பாள் அதைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "நேருல போயி சொல்லிட்டு வந்துடுங்க. அவரு இன்னா, அடிக்கவா போறாரு? திட்டுனா வாங்கிக்குங்க. அவரா தெரிஞ்சிக்கிறதுதான் தப்பு."

மறுநாளே வண்டி கட்டிப் புறப்பட்டார். வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அது திருட்டை ஒப்புக்கொள்வது போலவே வந்தது. கரிக்கலாம்பாக்கத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நிறுத்தியபோது, நூற்படி பெற்றிருந்த பள்ளியாசிரியர் பச்சையப்பன் ஓடி வந்து வண்டியின் நுகத்தடியைப் பிடித்துக்கொண்டார்.

"நூல் வந்துச்சிங்க ஐயா. உலகநாதனார் பாட்டு ஒண்ணே போதும். இத்தினி வருசமா அவரு பாடுனதுல இதுக்கு ஈடா ஒண்ணு இல்ல. பசங்களுக்கு மனப்பாடம் பண்ணக் குடுத்துட்டேன்."

மகிழ்வதா, நடுங்குவதா என்று தெரியவில்லை. பள்ளிப் பிள்ளைகள் வாயில் ஏறிய பாட்டை இனி யார் திரும்ப வாங்குவது? பொய்யென்று சொன்னால் உலகநாதனார் முகம் சுருங்குவதோடு நில்லாது, பச்சையப்பன் முகமும் அறுபது புலவர் முகமும் தம்மேல் திரும்புமே என்று அஞ்சினார். அச்சத்தின் அடியில் சிறிது பெருமையும் கிடந்து இனித்தது, அதை மறைப்பானேன்? வண்டியை வில்லியனூருக்கே திருப்பச் சொன்னார். வீட்டில் கோகிலாம்பாள் சக்கரத்துச் சேற்றைப் பார்த்தே எவ்வளவு தொலைவு போனார் என்று அறிந்துகொண்டாள்.

இனி மண்டபத்துக்குத் திரும்புவோம். வேண்டுதல் பலிக்கவில்லை. பாகூர் வண்டி வந்தது. உலகநாதனார் இறங்கி, நண்பர் தோளை ஒருமுறை தொட்டு, உள்ளே சென்று முன்வரிசையில் அமர்ந்தார். தெய்வநாயகனார் நூலைப் படிக்கத் தொடங்கினார். படிக்கப் படிக்க அவர் கண் ஏட்டில் இல்லை, நண்பர் மடியில் இருந்தது. அங்கே உலகநாதனார் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, பென்சிலால் ஏதோ எழுதுவதும், கண்ணை மூடிக் கேட்பதும், மீண்டும் எழுதுவதுமாக இருந்தார். ஒருமுறை, ஆற்றைப் பற்றிய பாட்டின்போது, தலையை அசைத்தார். அந்த அசைவு ஒப்புதலா, மறுப்பா என்று எண்ணி எண்ணித் தெய்வநாயகனார் இரண்டு பாட்டைத் தடுமாறிப் படித்தார்.

படித்து முடிந்ததும் அவைத் தலைவர் எழுந்தார். "இந்நூலுக்குச் சிறப்புப் பாயிரம் அளித்த பாகூர்ப் பெரும்புலவர், தம் வெண்பாவைத் தம் வாயாலேயே அவைக்கு அருளுமாறு வேண்டுகிறோம்" என்று கூறி, அச்சு நூலைப் பக்கம் விரித்து உலகநாதனார் கையில் கொடுத்தார்.

உலகநாதனார் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். அடியில் தம் பெயரைப் பார்த்தார். தெய்வநாயகனார் தூணருகே நின்று அவர் வாயையே பார்த்தார். இனி ஒரு சொல். அந்த ஒரு சொல்லில் நூலும் போகும், பெயரும் போகும், வில்லியனூரில் தலைநிமிர்ந்து நடப்பதும் போகும். பெரியவர் தலைநிமிர்ந்து இவரை நோக்கினார். சினந்த நோக்கு அன்று. நெடுநாள் நடந்து பழகிய ஒரு வழியை மறந்து நின்றவர் பார்க்கும் பார்வை. பிறகு, மடியில் இருந்த தாளை நான்காக மடித்து இடுப்பிற் செருகிக்கொண்டு, "இந்நூலில் என் பெயரால் நிற்கும் பாட்டு இது" என்று கூறி, வெண்பாவை இருமுறை, ஓசை சிறிதும் பிறழாமல் படித்து அமர்ந்தார். மண்டபம் அதிரக் கைதட்டினார்கள்.

புறப்படும் வேளையில் தெய்வநாயகனார் வெற்றிலை பாக்கு நீட்டினார். உலகநாதனார் இடுப்பிலிருந்த தாளை எடுத்து, அதைச் சற்றே விரித்து, அதிலேயே வெற்றிலையை வைத்து மடித்தார். மடிப்பின் ஓரத்தில் நான்கு வரிகள் தெரிந்தன, எழுத்துத் தெரியவில்லை.

"அதில என்ன எழுதினீங்க?" என்று கேட்டார் தெய்வநாயகனார்.

"கேட்டப்போ மனசுல பட்டத எழுதினேன். அதான் நூல்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்குதே ஐயா. ஒரு நூலுக்கு ஒருத்தன் ரெண்டு பாயிரம் குடுக்கக் கூடாது" என்று கூறிவிட்டு வண்டியேறினார். கரிக்கலாம்பாக்கம் தாண்டும் முன்பே வெற்றிலை மென்று, தாளை எறிந்திருப்பார்.

அதன்பின்னும் மடல்கள் போயின, வந்தன. மழையையும் ஏரி நிரம்பியதையும் எழுதிய உலகநாதனார், 'கன்னற்கோவை'யைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. ஐந்தாம் ஆண்டில் அவர் மறைந்தார். பாகூரில் நடந்த இரங்கற் கூட்டத்தில், மறைந்தவரின் தலைசிறந்த பாட்டு இதுவென்று முதலில் படிக்கப்பட்டது அந்த வெண்பாவே. கூட்டத்தின் பின்வரிசையில் அமர்ந்திருந்த தெய்வநாயகனாரின் அருகே இருவர் பேசிக்கொண்டார்கள். "யாருப்பா அந்த வில்லிநகர் தெய்வநாயகன்?" என்றார் ஒருவர். "தெரியல. உலகநாதனாரு பாடியிருக்காரு, பெரிய ஆளாத்தான் இருப்பாரு" என்றார் மற்றவர்.

அன்று மாலை வீடு திரும்பியவரின் முகத்தைப் பார்த்துக் கோகிலாம்பாள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவள் குத்திக் கேட்பவள் அல்லள், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டாள்: "கடைசி வரைக்கும் உங்க நூலப் பத்தி அவரு இன்னாதான் நெனச்சாரு?"

கற்றோரே, புகழுக்குப் பசித்திருப்பவன் அதைத் தானே சமைத்து உண்ணலாம். உப்பு உண்டா இல்லையா என்று சொல்ல மட்டும் இன்னொருவர் நாக்கு வேண்டும். தெய்வநாயகனார் தண்ணீரைக் குடித்து, செம்பைக் கீழே வைத்தார். அவருக்குத் தெரிந்திருந்தால் அல்லவா சொல்லுவார்.