ஏழாவது அப்போஸ்தலரின் கால்விரல்

உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின பெரிய கிழமைச் செவ்வாய் விடியக்காலை, போர்வையின் நுனி வலது கால் பெருவிரலில் பட்டதற்குக் கனிசியஸ் போட்ட சத்தத்தில், குசினிக்குள் நின்ற மனைவி லூர்த்தம்மா அகப்பையோடு ஓடி வந்தாள். விரலின் அடி வீங்கிச் சிவந்து பளபளத்தது. ஒரு வருசமாக வந்து போகிற கௌட் என்கிற மூட்டு வருத்தம்தான். ஆனால் வந்த நாள்தான் பிழையான நாள். வியாழன் பின்னேரப் பூசையில் சுவாமியார் பன்னிரண்டு பேரை அப்போஸ்தலர்களாக இருத்திப் பாதம் கழுவுவார். அதில் ஏழாவது ஆள் கனிசியஸ். குருநகரில் முப்பது வருசம் வலை இழுத்த மனிதருடைய பெயர் இந்த வருசம்தான் கோயிலில் வாசிக்கப்பட்டது. அவர் போகாவிட்டால் அந்தக் கதிரையில் பதிலாளாக நிற்கிற செபநாயகம் இருப்பார். செபநாயகம் இப்போதே வெள்ளைச் சேட்டைத் தோய்த்துக் காயப்போட்டுவிட்டதாகக் கேள்வி.

"தபசுகாலம் முழுக்க இறைச்சி தொடேல்லை, சாராயம் தொடேல்லை. ஆண்டவருக்குக் கண்ணில்லையோ?" என்று புலம்பினார்.

புதன்கிழமை கிளினிக்கிலும் அதையே பெருமையாகச் சொன்னார். டொக்டர் சின்னப் பெண்.

"அப்ப என்ன சாப்பிட்டனீங்கள் ஐயா?"

"நண்டு, கணவாய், சூடை மீன். வெள்ளிக்கிழமையிலை கூழ். எல்லாம் சுத்தபோசனம்."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தாள். "சாராயத்தை விட்டது நல்லது. ஆனா நண்டும் கணவாயும் சூடையும் யூறிக் அசிட்டைக் கூட்டும். உங்கடை தபசு உங்கடை காலுக்குத் தெரியாது ஐயா. குளிசை ஒழுங்காப் போட்டனீங்களோ?"

"ஓம், டொக்டர்," என்றாள் லூர்த்தம்மா. "ஒவ்வொரு நாளும் விடிய நான்தான் கையிலை குடுக்கிறனான்."

"இரத்த றிப்போட்டிலை அப்பிடித் தெரியேல்லையே."

கனிசியஸ் சுவரில் தொங்கிய கலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார். மாசி மாதம் கால்நோ நின்றதும் அவர் குளிசையையும் நிறுத்திவிட்டார். நோவே இல்லாதவனுக்கு என்ன மருந்து என்பது அவருடைய கணக்கு. லூர்த்தம்மா தருவதை வாய்க்குள் போடுவார், அவள் திரும்பியதும் செவ்வரத்தைச் செடியடியில் துப்பிவிடுவார்.

"வீக்கம் வத்த இந்த மருந்தைப் போடுங்கோ. வத்தினாப் பிறகு பழைய குளிசையைத் திரும்பத் தொடங்க வேணும். நோ இல்லாத நாளிலைதான் அது வேலை செய்யிறது. நீங்களா நிப்பாட்டக் கூடாது. தண்ணியும் நல்லாக் குடியுங்கோ," என்றாள் டொக்டர்.

லூர்த்தம்மாவுக்கு விசயம் விளங்கிவிட்டது. ஓட்டோவில் வீடு வந்து சேரும்வரை அவள் வாய் திறக்கவில்லை. ஏசியிருந்தால் கனிசியஸ் திருப்பி நாலு வார்த்தை சொல்லியிருப்பார். அதற்கும் வழியில்லாமல் போயிற்று. சாப்பாடு வந்தது, மருந்து வந்தது, கதை மட்டும் வரவில்லை.

வியாழக்கிழமை வீக்கம் கொஞ்சம் வற்றியிருந்தது. செருப்பின் முன்பக்கத்தை வெட்டிப் போட்டுக்கொண்டு, நொண்டி நொண்டிப் போய் ஏழாவது கதிரையில் இருந்துவிட்டார். முன்னால் இருந்த ஆறு பேரும் வலது காலை நீட்டினார்கள். கனிசியஸ் இடது காலை நீட்டினார். சுவாமியார் வெட்டிய செருப்பை ஒருதரம் பார்த்தார். ஒன்றும் கேளாமல் இடது காலைக் கழுவித் துடைத்தார்.

அவ்வளவுதான், காரியம் முடிந்தது. இரண்டாவது வரிசை வாங்கில் செபநாயகம் பெருமூச்சு விட்டதும் கேட்டது. ஆனாலும் மனம் ஆறவில்லை. சுவாமியார் முழந்தாளிட்டுக் கழுவியது ஒரு வருத்தமும் இல்லாத காலை. பெண்கள் பக்கம் லூர்த்தம்மா குனிந்த தலை நிமிராமல் இருந்தாள். அவளை ஏய்த்தது போதாதென்று இப்போது ஆண்டவரையுமா என்று நினைக்க, கால்நோவை விட வெட்கம் கூடுதலாகக் குத்தியது.

சுவாமியார் தண்ணீர்த் தட்டத்தோடு எட்டாவது ஆளிடம் போயிருந்தார்.

"சுவாமி," என்றார் கனிசியஸ். "மற்றக் காலும் இருக்கு. இதுதான் வருத்தக் கால்."

சுவாமியார் திரும்பினார். "நோகுமெல்லே?" என்று மெல்லக் கேட்டார்.

"நோகும். நான்தான் குளிசை போடாமல் ஏமாத்தினனான்." பெண்கள் பக்கம்வரை கேட்கட்டும் என்று கொஞ்சம் உரத்தே சொன்னார். யாரோ சிரித்தார்கள். லூர்த்தம்மா தலையை நிமிர்த்தினாள்.

சுவாமியார் தட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார். கனிசியஸ் கதிரையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது காலைச் செருப்பிலிருந்து மெல்ல மெல்ல வெளியே எடுத்தார்.