குதிரைமேல் ஒரு ரப்பர்

கடையில் அவருக்கு மில்லிமீட்டர் என்று பெயர். மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் பொருத்துவது அவர் வேலை. ஒரு கருவிழியின் நடுவிலிருந்து மறு கருவிழியின் நடுவரை அளந்து, லென்ஸின் ஓரத்தைத் தேய்த்து, ஃபிரேமுக்குள் உட்கார வைக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் முதலிலிருந்து ஆரம்பிப்பார். கடை பகல் பன்னிரண்டுக்குத் திறந்து இரவு ஒன்பதுக்கு மூடும்.

அவர் மனைவி நர்ஸ். பத்து வருடமாக இரவு டியூட்டி. காலை எட்டரைக்கு வீடு வந்து, ஒன்பதுக்குப் படுத்தால் மாலை நான்குவரை தூக்கம். இவர் கடைக்குக் கிளம்புவது பதினொன்றரைக்கு. ஒன்பதுவரை சமையலும் வீட்டு வேலையும் இவருக்குச் சரியாக இருக்கும். ஆக, இவருக்கென்று ஒரு நாளில் மிஞ்சுகிற இரண்டரை மணி நேரமும் அவள் தூங்குகிற நேரம். இரவு வீடு திரும்பினால் பக்கத்து வீட்டுக் குழந்தைகள் தூங்கியிருப்பார்கள்.

இந்த நெருக்கடிக்குள் ஒரு வயலின் வந்து மாட்டிக்கொண்டது.

ஆறு வருடத்துக்கு முன், நாற்பத்திரண்டு வயதில், அதை வாங்கினார். ஆசிரியர் கிடையாது. காதில் இயர்போன், எதிரே ஃபோன், அதில் யாரோ சொல்லித்தருகிற வீடியோ. முதல் நாள் கம்பிமேல் வில்லை இழுத்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. படுக்கையறைக் கதவு தடாலென்று திறந்தது. தலை கலைந்து, கண் பாதி மூடி, மனைவி நின்றாள்.

"எந்த பெட்?" என்றாள், வார்டில் நிற்கிற நினைப்பில்.

அவருக்கு உயிரே போய்விட்டது. கையைப் பிடித்து அழைத்துப் போய்ப் படுக்க வைத்தார். அன்று வேலைக்குப் போகிற வழியிலேயே இசைக்கருவிக் கடையில் ஒரு ரப்பர் வாங்கினார். வயலினில் கம்பிகளைத் தாங்கி நிற்கும் சிறிய மரத்துண்டுக்குக் குதிரை என்று பெயர். அதன் தலையில் அந்தக் கனத்த கறுப்பு ரப்பரைச் செருகிவிட்டால் ஒலி கால்வாசிதான் வெளியே வரும். அதற்குப் பிறகு அவர் அதைக் கழற்றவே இல்லை. சமையலறைக்குள் போய், இரண்டு கதவுகளைச் சாத்திக்கொண்டு வாசிப்பார். மனைவி தன் தங்கையிடம், உன் அத்தான் சமையலறையில் ஒரு கொசு வளர்க்கிறார், சாதுவான கொசு, ஒருநாளும் கடித்ததில்லை என்று சொல்லிச் சிரிப்பாள்.

இரண்டு வருடமாக ஒரே பாட்டு. இரண்டு பக்கம்தான், மெதுவானது. சுருதி சரியாக இருந்தது, தாளம் சரியாக இருந்தது, ஆனாலும் ஏதோ ஒன்று இல்லை. தன் கை இன்னும் வளர்கிறதா, இல்லை நின்றேபோய்விட்டதா என்று அவருக்குத் தெரியவில்லை. நின்றுவிட்டதென்றால் வயலினைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிடலாம் என்று ஒருநாள் சொன்னார். அதைச் சாதாரணமாகச் சொல்லத்தான் பார்த்தார். மனைவிக்கா தெரியாது?

ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் இசைக் கல்லூரி வாசலில் அவள்தான் அந்த அறிவிப்பைப் பார்த்தாள். மாஸ்டர் கிளாஸ். பேர்பெற்ற வயலின் கலைஞர் ஒருவர் வருகிறார், எல்லார் முன்னிலையிலும் ஒவ்வொருவராக வாசிக்கக் கேட்டுத் திருத்துவார், வேறு வேலை பார்த்துக்கொண்டே வாசிப்பவர்களில் குலுக்கிப்போட்டு ஒருவருக்கு இடம் என்று எழுதியிருந்தது. இவரைக் கேட்காமலே விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தாள். எதற்காகக் கலந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்ற இடத்தில், இவர் வாசிப்பதை யாராவது ஒருவர் கேட்க வேண்டும் என்று எழுதினாள். குலுக்கலில் இவர் பெயர் வந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணி. அரங்கம் சிறியது, நூறு நாற்காலி இருக்கும். மாணவர்கள் மூன்று பேர் முதலில் வாசித்தார்கள். மூவருக்கும் இவர் வயதில் பாதிகூட இராது. அவர்கள் விரல் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு அப்படியே வெளியேறிவிடலாமா என்று யோசித்தார். அப்போதுதான் மனைவி உள்ளே வந்தாள். டியூட்டி முடிந்து நேரே வருகிறாள். காலில் வெள்ளை ஷூ, தோளில் பை. மூன்றாம் வரிசை ஓரத்தில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். இனி ஓட முடியாது.

கூப்பிட்டார்கள். மேடையேறினார். அந்தப் பேர்பெற்ற கலைஞர்தான் ஆசிரியை. முப்பது வயதுகூட இராது. முகம் நிறையச் சிரிப்பு. வாசிங்க சார் என்றார்.

வாசித்தார். நாலு வரி போனதும் முன்வரிசைக்காரர்கள் முன்னால் சாய்ந்தார்கள். ரசிக்கிறார்கள் என்று அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. ஆசிரியையும் ஒரு அடி நெருங்கி வந்தார், அப்புறம் இன்னொரு அடி. இரண்டாம் பக்கத்தில் ஆசிரியையின் காது வயலினிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கடைசிச் சுரம் முடிந்ததும் குனிந்து பார்த்தார்.

"சார், குதிரைக்கு யாரு வாய்ப்பூட்டு போட்டது?"

அரங்கம் சிரித்தது. மில்லிமீட்டர் பார்த்தார். ரப்பர். காலையில் பார்த்துப் பார்த்துத் துடைத்து, சுருதி கூட்டி, பெட்டியில் வைத்து எடுத்து வந்த வயலினில் அது இருப்பது அவர் கண்ணுக்குத் தெரியவே இல்லை. மூக்கில் இருக்கும் கண்ணாடியை வீடெல்லாம் தேடுகிறவர்களை அவர் தினமும் பார்க்கிறவர். காது மடல்வரை சூடேறியது.

ரப்பர் லேசில் கழலவில்லை. ஆசிரியை நகத்தால் நெம்பி எடுத்து அவர் சட்டைப்பையில் போட்டார். இப்போது முதல் சுரத்தை மட்டும் வாசியுங்கள் என்றார். இவர் வில்லை வைத்து இழுத்தார். அரங்கத்தின் கடைசிச் சுவரில் போய் இடித்தது அந்த ஒலி. அவர் சட்டென்று வில்லைத் தூக்கிவிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாரோ வாசித்ததைப்போல.

"நீங்கதான் சார்," என்றார் ஆசிரியை.

"இவ்வளவு வேண்டாம் மேடம்," என்றார் இவர், தணிந்த குரலில். "வீட்ல அவங்களுக்கு நைட் டியூட்டி. பகல்லதான் தூங்குவாங்க."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

ஆசிரியை அவரைப் பாட்டுக்கே விடவில்லை. என்ன வேலை என்று விசாரித்தார். அதனால்தான் வில்லை லென்ஸைப் பிடிப்பதுபோல ஓரத்தில் பிடிக்கிறீர்கள், கை முழுக்கக் கம்பிமேல் சாயட்டும், கம்பி அறுந்தால் என்னிடம் வேறு கம்பி இருக்கிறது என்றார். ஒரே சுரத்தை இருபது தடவை இழுக்க வைத்தார். பதினைந்தாவது தடவையில் தோள் தானாக இறங்கியது. அதற்குப் பிறகு பாட்டு. சில இடங்களில் லேசாகக் கரகரத்தது. ஆனால் இரண்டாம் பக்கத்தின் நடுவில் எட்டு வரி, யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டதுபோல நிறைந்து வந்தது. இத்தனை நாளாக இல்லாதிருந்தது எதுவென்று அவருக்குப் புரிந்தது.

"காது சுத்தம், விரலும் சுத்தம். கைதான் வளரல," என்றார் ஆசிரியை. "அது வளரணும்னா அதோட சத்தத்தை அது கேக்கணும். தினம் ஒரு மணி நேரமாவது அந்த ரப்பர் இல்லாம வாசிங்க. இல்லன்னா இன்னும் ஆறு வருஷம் கழிச்சு வந்தாலும் இதையேதான் சொல்வேன்."

சரி என்று தலையாட்டினார். ஆட்டும்போதே மனசு கணக்குப் போட்டுவிட்டது. ஒன்பதிலிருந்து பதினொன்றரை, அதை விட்டால் நேரமில்லை. ராத்திரி முழுக்க நோயாளிகளுக்காகக் கண்விழித்துவிட்டு வருகிறவளின் தூக்கம் அது. அதில் கைவைக்க முடியாது. பாட்டு இந்த உயரத்திலேயே நின்றுவிட்டுப் போகட்டும். அந்த எட்டு வரி கிடைத்ததே, அது போதும். சட்டைப்பையில் ரப்பரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

கைதட்டினார்கள். நன்றாகவே தட்டினார்கள். அவர் மூன்றாம் வரிசையைப் பார்த்தார்.

மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். தலை பின்னால் சாய்ந்து, வாய் திறந்து, பையை மடியில் அணைத்தபடி, அடித்துப் போட்டதுபோன்ற தூக்கம்.

முதலில் சுருக்கென்றது. கேட்க வந்தவள் கேட்கவில்லையே. மேடையிலிருந்து இறங்கிப்போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். சுற்றிலும் இன்னும் கைதட்டல். அவள் இமைகூட அசையவில்லை. எதையும் அளந்தே பழகியவர் அல்லவா, அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இவ்வளவு சத்தத்திலா?

மேடையில் ஆசிரியை பேசுவதற்கு மைக்கைக் கையில் எடுத்தார். அது ஒரு விநாடி கீச்சிட்டது. மனைவி விருட்டென்று நிமிர்ந்தாள்.

"எந்த பெட்?"

"பெட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. மைக்," என்றார் அவர்.

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "முடிஞ்சிடுச்சா? ஐயோ, தூங்கிட்டேனா நான்?"

ரப்பரை எடுத்து அவள் கையில் வைத்து, ஆசிரியை சொன்னதைச் சொன்னார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வயலின்னாலே அவ்வளவுதான் சத்தம்னு நினைச்சேன். எனக்காகவா இது?"

"முதல் நாள் பதறி எழுந்து ஓடி வந்தியே."

"அன்னிக்கு யாரோ வலியில முனகற மாதிரி இருந்துச்சுங்க. அதுக்கு எழுந்து எழுந்து பழக்கம். மேல் வீட்ல மூணு மாசம் சுவர் உடைச்சாங்களே, ஒரு நாளாவது எழுந்தேனா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"தூங்கறவளை எழுப்பியா கேக்கச் சொல்றே?"

அவள் சிரிப்பை அடக்க முடியாமல் பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார். கொஞ்சம் அடங்கியதும், இன்றைக்கு எப்படி இருந்தது என்று இவர் கேட்டார்.

"ஒண்ணும் தப்பா இல்ல போல," என்றாள். "இருந்திருந்தா முழிச்சிருப்பேனே."

ஆறு வருடத்தில் அவர் வாசிப்பைப் பற்றி ஒருவர் சொன்ன இரண்டாவது கருத்து அது. முதலாவது பத்து நிமிடத்துக்கு முன் கிடைத்தது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்ததில், இந்த இரண்டாவதைத்தான் அவர் வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

திங்கள்கிழமை ஒன்பது மணிக்கு அவள் படுத்தாள். ஒன்பதேகாலுக்கு அவர் கூடத்தில் நின்று, கதவு எதையும் சாத்தாமல், கை முழுக்கக் கம்பிமேல் சாய்த்து வாசித்தார். முதல் பக்கம் முழுக்க உள்ளேயிருந்து சீரான மூச்சு மட்டும் கேட்டது. இரண்டாம் பக்கம் மூன்றாம் வரியில் விரல் நழுவி, வில் கீறியது.

"எந்த பெட்?" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

"மூணாவது வரி," என்றார் அவர். "நீ தூங்கு."

அந்த வரியை மட்டும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.