அடித்து வைத்த ஆணி

பழைய மாளிகைகளின் புகைப்படங்களைச் சேர்ப்பதுதான் பல் டாக்டருக்கு உயிர். ஊரில் ஒரு மாளிகையை இடித்துவிட்டால் இரங்கல் கூட்டம் போட்டு அழுவார், முதலை தோற்றுவிடும். வீட்டுக்கு வந்த கையோடு அதன் படத்தைக் கூடத்து நடுச்சுவரில் மாட்டுவார். மாளிகையே இல்லாமல் போனபின் அதன் படத்துக்கு மவுசே தனி! மணிக்கூண்டு மாளிகையை இடிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதுமே ஆணி அடித்து வைத்துவிட்டார்.

இன்று காலை செய்தித்தாளைப் படித்தவர், கப்பல் கவிழ்ந்தவர்போல் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மனைவி பதறினாள்.

“என்னங்க, மாளிகைய இடிச்சுட்டாங்களா?”

“இல்லடி,” என்றார். “பழுதுபாத்து அப்படியே வச்சுக்கப் போறாங்களாம்.”

அவள் வெறும் ஆணியைப் பார்த்தாள்.

“அப்ப அதுல காலண்டர மாட்டிக்கட்டுமா?”