வாலுக்கு அடியில்

சிங்கம் நாளைக் காலை நாடகக் குழுவுக்குப் போயாக வேண்டும். மாவில் விழுந்து எழுந்ததுபோல வெள்ளை வெளேரென்று பட்டறை நடுவில் நின்றது. செய்தவர் கண்ணை மூடி இரண்டு மாதம் ஆகிறது. அவள் கணவர் கையால் செய்த கடைசிச் சாமான். அதைக் கெடுத்துவிடக் கூடாது என்பது ஒன்றுதான் அவளுக்குக் கவலை.

பல் மரம், உப்புத்தாள் போட்டுத் தேய்த்து பெயிண்ட் அடித்தாயிற்று. நகம் தகரம்; முதலில் துரு தடுக்கும் பிரைமர் கொடுத்தாள். கண் பிளாஸ்டிக் மூடி. அதற்கு பிளாஸ்டிக்குக்கென்றே இருக்கும் ஸ்பிரே டப்பா. மிச்சம் உடம்பு.

நாத்தனார் தங்க நிற ஸ்பிரே டப்பாவைக் குலுக்கினாள். உள்ளே குண்டு கடகடத்தது.

"அடிச்சிரலாமா அண்ணி?"

"இருடி. உள்ள காகிதக்கூழா தெர்மாகோலான்னு தெரிய வேணாமா?"

"எதுவா இருந்தா என்ன? மேல பூசித்தானே இருக்கு?"

"தெர்மாகோலா இருந்தா இந்த டப்பா தின்னுரும். நிலா கதை மறந்துபோச்சா?"

மறக்க அவர் விட்டால்தானே! பத்து வருடத்துக்கு முன் தெர்மாகோல் நிலாவுக்கு அவள் வெள்ளி ஸ்பிரே அடித்தாள். பௌர்ணமி பத்தே நிமிடத்தில் பிறையாகிவிட்டது. அன்றிலிருந்து பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "நம்ம வீட்ல அமாவாசைக்குன்னே தனியா ஆள் இருக்கு" என்பார்.

அவள் அம்மாவைப் பார்க்கப் போயிருந்த மாதத்தில் செய்த சிங்கம் இது. உள்ளே மரச்சட்டம், அதனால் கனத்தை வைத்தும் சொல்ல முடியவில்லை. சுரண்டிப் பார்க்க மனம் வரவில்லை. அவர் வழிதான் மிச்சம்: எந்தச் சாமானானாலும் யார் கண்ணும் படாத இடத்தில் ஒரு பொட்டு அடித்துப் பார்ப்பது. சிம்மாசனம் என்றால் முதுகுப் பக்கம். சிங்கம் என்றால் வாலுக்கு அடியில்.

குந்தி உட்கார்ந்து வாலைத் தூக்கினாள். அங்கே மட்டும் பூச்சு தடிப்பாக, அவசரத்தில் அப்பியதுபோல இருந்தது. கட்டைவிரல் பட்டதும் உள்வாங்கியது. கசங்கிய செய்தித்தாள் ஒன்று உருண்டு வந்தது. பின்னால் எலுமிச்சம்பழம் நுழையும் அளவுக்குப் பள்ளம்.

நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "எலியா அண்ணி?"

"எந்த எலிடி கடிச்ச இடத்துக்குத் தங்கக் கலர் அடிச்சுட்டுப் போவும்?"

பள்ளத்தின் விளிம்பெல்லாம் பொன் மினுமினுத்தது. ஒரு பொட்டு அடித்ததால் வந்த பள்ளம் இல்லை இது. மனுஷன் முழு நம்பிக்கையோடு, நின்று நிதானமாக அடித்திருக்கிறார்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "உங்க அண்ணன்டி! என் நிலாவ ஊரெல்லாம் சொல்லிட்டு, தன்னோடத மட்டும் பேப்பர் வச்சு அடைச்சிருக்காரு பாரு!"

காகித உருண்டையைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினாள், ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டதுபோல. வாசலில் வெயில் மட்டும்தான் இருந்தது. நாத்தனார் டப்பாவை மெல்லக் கீழே வைத்தாள்.

"பசை காய்ச்சு" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

ஸ்பிரே தெர்மாகோலைத் தொடாதபடி உடம்பெங்கும் காகிதம் ஒட்டி, காயவிட்டு, தண்ணீரில் கரைக்கும் பெயிண்ட் இரண்டு தடவை பூசி, அதன்மேல் தங்கம் அடித்தார்கள். மறுநாள் வண்டி வந்தபோது சிங்கம் தகதகவென்று நின்றது.

"அண்ணி, அந்த ஓட்டைய அடைக்கவேயில்லையே!"

"இருக்கட்டும்."

"யாராவது பாத்துக் கேட்டா?"

"யாரு வேலைன்னு சொல்லு. பத்து வருஷத்துக்குச் சொல்லு."