நாற்பதாவது சிப்பாய்

டோக்கியோவை ஒட்டிய சோஃபுவில் எங்கள் வேலை பழைய சினிமாப் படங்களைக் கழுவிக் கொடுப்பது. கேமரா கண்டதைத் தொடக் கூடாது. பிற்பாடு ஃபிலிமில் வந்து ஒட்டிய தூசியை மட்டும் எடுக்கலாம். ஒன்றிரண்டு ஃபிரேமில் தோன்றி மறையும் வெள்ளைப் புள்ளியைக் கணினி தூசி என்று காட்டும். நான் 'சரி' என்று அழுத்துவேன். ஒரு நாளைக்கு ஆயிரம் 'சரி'.

அந்த 1953ஆம் வருடத்துப் படம் புளூரே தட்டுக்குத் தயாரான பிறகுதான் ஹிசாயோ அம்மாளின் கடிதம் என் மேசைக்கு வந்தது. வயது எண்பத்து நான்கு. அவருடைய அண்ணன் தெய்ஜி, படத்தில் ஆற்றைக் கடக்கும் நாற்பது சிப்பாய்களில் ஒருவன். படப்பிடிப்பு முடிந்ததும் எங்கோ ஓடிப்போய்விட்டான் என்று படக் கம்பெனி சொல்லியிருக்கிறது. இடது மணிக்கட்டில் வெள்ளைத் துணி கட்டியிருப்பான், புதுத் தட்டில் தெரிவானா, ஒருமுறை பார்த்தால் போதும் என்று எழுதியிருந்தார்.

தேடிப் பார்த்தேன். ஆற்றில் இறங்கியவர்கள் நாற்பது பேர். ஏறியவர்கள் முப்பத்தொன்பது. மறுபடி எண்ணினேன். சுத்தம் செய்யாத முதல் ஸ்கேனைத் திறந்தேன். நடு ஆற்றில், நுரைக்கு மேலே ஒரு வெள்ளைப் புள்ளி. சற்றுக் கழித்து இன்னொன்று, இன்னும் தாழ்வாக. பெரிதாக்கினால் துணி, துணிக்கு மேலே விரல்கள். என் சுத்தமான பிரதியில் வெறும் தண்ணீர். பாவி, நானேதான் துடைத்திருக்கிறேன்.

மேலாளர் ஹதகேதாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"அது தூசி, குவபாரா சான். நீங்களே அப்படித்தான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

விரல் இருக்கிறதே என்றேன்.

"தூசிக்கு ஏதுங்க விரல்? வீட்டுக்குப் போய்த் தூங்குங்க."

படக் கம்பெனிக்குத் தானே சொல்லிவிடுவதாகவும் சொன்னார். என்ன சொல்வார் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

முதல் ஸ்கேனை வெள்ளிக்கிழமைதான் அழிப்பார்கள். அன்று செவ்வாய். ஒரு பிரதி எடுத்து வைக்க எனக்குத் தோன்றவில்லை, தேநீர் குடிக்கத்தான் தோன்றியது. திரும்பி வந்தால் கோப்பு காலி.

மறுநாள் காலை ஹிசாயோ அம்மாள் போன் செய்தார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஹதகேதா வந்து நின்றார்.

"அண்ணன் தெரியறானாம்மா?"

பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"ஆத்துல இறங்குறது தெரியுதும்மா," என்றேன். "கரை ஏறுறதுதான் இல்லை."



"ஓடிப்போனவன்னு எழுபது வருஷமா அவனைத் திட்டிக்கிட்டே இருந்தேனே," என்றார்.

ஹதகேதா கதவைத் திறந்து, போனுக்குக் கை நீட்டினார்.