பின்பக்கமாக வந்த வீடு

டோக்கன் அக்கா தன் முதல் ஒட்டுப்போர்வையைத் தைத்து முடித்த செவ்வாய்க்கிழமை மதியம் மூன்றேகால் மணிக்கு, மருந்துக்கடைக்காரரின் வீடு ஏழு தெரு தாண்டி வந்து பஸ் ஓட்டுகிற அம்மாவின் வீட்டுக்குப் பக்கத்தில் நின்றது. கொடியில் காயப்போட்டிருந்த துணிகளில் ஒன்றுகூடக் கீழே விழவில்லை. அடுப்பில் இருந்த பால் பொங்கவில்லை. குழாயில் தண்ணீர் எப்போதும் போல நூல் மாதிரிதான் வந்தது. மருந்துக்கடைக்காரரின் மாமனார் சாய்வு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தவர், கண்ணைத் திறந்து ஜன்னலுக்கு வெளியே வேறொரு மரம் நிற்பதைப் பார்த்து, "இலை ஜாஸ்தியா இருக்கே" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி தூங்கிப்போனார். வீடு கிளம்பிய இடத்தில் பள்ளம் எதுவும் இல்லை. பஸ்ஸில் ஒருத்தர் எழுந்து இறங்கினால் பக்கத்தில் இருப்பவர்கள் நகர்ந்து உட்காருவது போல, அந்தத் தெருவின் மற்ற வீடுகள் ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்து இடத்தை நிரப்பிக்கொண்டன.

டோக்கன் அக்கா பல் டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுப்பவர். காலையிலிருந்து சாயங்காலம் வரை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிற முகங்களையே பார்த்துப் பார்த்து, யாரும் முனகாத ஒரு வேலை செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் துணி வெட்ட ஆரம்பித்தார். பழைய துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒன்றோடு ஒன்று சேர்த்து, நடுவில் பஞ்சும் அடியில் ஒரு துணியும் கொடுத்து, மூன்றையும் பிடித்துத் தைத்து, சுற்றிலும் ஓரப்பட்டி வைத்தால் ஒட்டுப்போர்வை. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. நாலு தடவை பிரித்துத் தைத்து அவரே கற்றுக்கொண்டார். தெரிந்தவர்களிடமும் பல் பிடுங்க வந்தவர்களிடமும் ஆளுக்கொரு பழைய துணி கேட்டு வாங்கினார். வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருப்பவர்கள் எதற்கும் மறுப்புச் சொல்வதில்லை.

விஷயத்தைக் கண்டுபிடித்தவர் அவருடைய கணவர். அவர் நகராட்சியில் வீடுகளுக்குக் கதவு எண் தகடு அடிக்கிற வேலையில் இருந்தார். அன்றைக்கு இடம் மாறிய வீடுகளின் தகடுகளை மூன்று நாள் கழற்றி மாட்டிக் களைத்துப்போய் வந்து கட்டிலில் விழுந்தவர், புதுப் போர்வையை மார்புவரை இழுத்துவிட்டு, அதையே உற்றுப் பார்த்தார்.

"ஏம்மா, இந்த நீலச் சட்டை யாரோடது?"

"மருந்துக்கடைக்காரரோடது."

"பக்கத்துல இந்தக் காக்கி?"

"பஸ் அம்மா யூனிபார்ம். ஏன், நல்லா இல்லையா?"

அவர் ஒவ்வொரு சதுரமாக விரலை வைத்துக் கேட்டுக்கொண்டே போனார். ஒன்பது துணி, ஒன்பது வீடு, போர்வையில் எந்த வரிசையோ தெருவிலும் அதே வரிசை. "தெருத் தெருவா அலைஞ்சு நொந்துபோயிட்டேன்" என்றார். "இந்த வேலைய யாரு கொடுத்தாங்கன்னு ஆபீஸ்ல தலையப் பிச்சுக்கறாங்க. நான் போய் என் பொண்டாட்டின்னா சொல்ல முடியும்?" சொன்னார்தான். நகராட்சியில் அதைக் குறித்துக்கொண்டு, இனி ஒரு போர்வை முடிவதற்குப் பத்து நாள் முன்னால் தகவல் கொடுக்கும்படி ஒரு படிவம் அச்சடித்துக் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு டோக்கன் அக்காவிடம் கற்றுக்கொள்ள ஆட்கள் வந்தார்கள். சனிக்கிழமை ஒரு மணிக்கு டாக்டர் கிளம்பிப் போனதும், நோயாளிகள் காத்திருக்கிற அறையில் கிளாஸ் நடந்தது. சுழல் நாற்காலியில் யார் உட்காருவது என்று மட்டும் வாராவாரம் சண்டை. சில விதிகள் போகப் போகத்தான் தெரிந்தன. வீட்டுக்காரர்கள் தாங்களாகக் கொடுத்த துணிதான் வீட்டை நகர்த்தும், கேட்காமல் எடுத்தது வெறும் துணிதான். ஓரப்பட்டியில் கடைசித் தையல் விழுந்தால்தான் வீடு கிளம்பும், அதுவும் மூன்றேகால் மணிக்குத்தான். சதுரங்களுக்கு நடுவில் பட்டை வைத்துத் தைத்தால் அது ரோடாகும். இதைத் தெரிந்துகொண்ட ஒரு மருமகள், மாமியார் வீட்டுத் துணிக்கும் தன் துணிக்கும் நடுவில் நாலு அங்குலத்தில் கறுப்புப் பட்டை வைத்தாள். நாலு வழிச் சாலையே வந்து சேர்ந்தது. மாமியார் தினமும் காலையில் அந்தப் பக்கம் நின்று கையாட்டுவார், லாரிகள் போய் முடிகிறவரை இவளும் பதிலுக்குக் கையாட்ட வேண்டியிருந்தது.

கிளினிக்குக்கு எதிரே கடை வைத்திருந்த டைலர் அண்ணன் முதல் இரண்டு மாதம் வாசலில் நின்று கேலி செய்தார். "நல்ல துணிய வெட்டறது, வெட்டுனதையே ஒட்டறது. இதுக்கு ஒரு கிளாஸ்!" என்பார். மூன்றாவது மாதம், உங்கள் ஓரப்பட்டி கோணலாக இருக்கிறது, பார்க்கச் சகிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தவர், பிறகு எழுந்திருக்கவே இல்லை.

அந்தக் கிளாஸில் சேர்ந்தவள்தான் லவுட்ஸ்பீக்கர். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். முதல் நாளே சதுரத்தோடு சேர்த்துத் தன் சட்டைக் கையையும் தைத்துவிட்டாள். டீ வந்ததென்று எழுந்தபோது மெஷினும் கூடவே எழுந்தது. அதற்கு அவள் சிரித்த சிரிப்பில், டாக்டர் கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்திருந்த பல்செட்டுகள் எல்லாம் கடகடவென்று ஆடின. டோக்கன் அக்காவுக்கு எட்டு வருஷத்தில் அந்த அறையில் கேட்ட முதல் சிரிப்பு அது. ஊருக்கு அந்தப் பக்கம் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய இடத்தில் அவள் வீடு இருந்தது. டோக்கன் அக்காவின் நாலாவது போர்வையில் இரண்டு பேர் துணியும் பக்கத்தில் பக்கத்தில் வந்தது. அதன் பிறகு ஆறு வருஷம், ஒரு வீட்டுச் சுவரில் தட்டினால் இன்னொரு வீட்டிலிருந்து காபி வந்தது. சேர்ந்து பதினொரு போர்வை தைத்தார்கள். அதில் இரண்டு போர்வைக்காகச் சண்டை போட்டு, மொத்தம் ஒன்பது நாள் பேசாமல் இருந்தார்கள்.

ஏழாவது வருஷம் லவுட்ஸ்பீக்கரின் கணவருக்கு மாற்றல் வந்தது. அவர் ரயில்வேயில் சிக்னல் பார்ப்பவர். அதிகம் பேசாதவர், இவள் பேசுவதற்கு இடம் விட்டே பழகியவர். போக வேண்டிய ஊர் ரயிலில் ஒரு பகல் ஒரு ராத்திரி தூரம், பாஷையும் வேறு. அவர்கள் போனார்கள். காலியான வீட்டுக்கு ஒரு பியானோ டீச்சர் குடிவந்தார். நல்ல மனுஷிதான். ஆனால் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிப்பார்.

புது ஊரில் அவர்களுக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸிலிருந்து ஒரே ஒரு துணி வந்தால் போதும், மூன்று மாதத்தில் அந்த வீட்டை இங்கே வரவழைத்துவிடலாம். அது டோக்கன் அக்காவுக்கும் லவுட்ஸ்பீக்கருக்கும் தெரியும். ஆனால் வீடு இங்கே வந்துவிட்டால் சிக்னல்காரர் வேலைக்கு எப்படிப் போவார்? இருபத்திரண்டு வருஷ வேலை. லவுட்ஸ்பீக்கர் போனில் முதல் வாரமே சொல்லிவிட்டாள்: "துணி மட்டும் கேட்டுராத அக்கா. நீ கேட்டா நான் கொடுத்துருவேன்." டோக்கன் அக்கா கேட்கவில்லை. இரண்டு வருஷம் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் பேசினார்கள். முதல் வருஷம் டோக்கன் அக்கா போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு பேசினார். இரண்டாவது வருஷம் காதோடு ஒட்டி வைக்க வேண்டியிருந்தது. கடைசியில், போன் வேலை செய்கிறதா என்று நடுவில் நடுவில் கேட்கும்படி ஆனது.

அப்போதுதான் ஒரு பார்சல் வந்தது. உள்ளே ஒரு ஜன்னல் திரை, வெள்ளைத் துணியில் சின்னச் சின்னச் சிவப்புக் குடைகள். கூடவே சிக்னல்காரரின் கையெழுத்தில் ஒரு கடிதம், ரயில் நேர அட்டவணை மாதிரி சுருக்கமாக: "இவள் சிரித்து நாலு மாதம் ஆகிறது. புது ஊரில் யாரோடும் ஒட்டவில்லை. நான் வேலையை விட்டுவிடுகிறேன். அங்கே வந்து ஏதாவது பார்த்துக்கொள்கிறேன். அவளுக்குச் சொல்ல வேண்டாம். துணி துவைத்து இஸ்திரி போட்டது."

டோக்கன் அக்கா அந்தத் திரையைப் பதினைந்து நாள் வெட்டாமல் வைத்திருந்தார். கத்தரியை எடுப்பார், வைப்பார். அவளுக்காக அந்த மனுஷனின் வேலையை வெட்டுவது போல இருந்தது. சனிக்கிழமை கிளாஸில் கடிதத்தைப் படித்துக் காட்டினார். டைலர் அண்ணன்தான் வாயைத் திறந்தார். "அவரு பேசாத மனுஷன். பேசாத மனுஷன் கடுதாசி போட்டிருக்காரும்மா. துணிய பெட்டிக்குள்ள வெச்சுப் பூட்டிட்டா அவருக்கு நிம்மதி வந்துருமா?"

அன்றைக்கே வெட்டினார்கள். எட்டு சனிக்கிழமை தைத்தார்கள். சதுரங்களைத் தரையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் எண் எழுதிய சீட்டைக் குத்தி, வரிசை மாறாமல் எடுத்தார்கள். கடைசி நாள் வரிசைகளைச் சேர்க்கும்போது பேச்சு முழுக்க சிக்னல்காரருக்கு என்ன வேலை பார்ப்பது என்பதுதான். பஸ் அம்மா டிப்போவில் ஆள் எடுப்பதாகச் சொன்னார். மருந்துக்கடைக்காரர் மாத்திரை எண்ணிக் கொடுக்கப் பொறுமையான ஆள் வேண்டும் என்றார். டைலர் அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பச்சைக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரிஞ்ச மனுஷன், டைலர் கடைக்குத்தான் வரணும். நான் ஆறு மாசத்துல அவரை ஆளாக்கிக் காட்டறேன்."

"உங்ககிட்ட வந்தா அவரு ஜாக்கெட்டுக்குக் கொடி வெச்சுத் தெச்சிருவாரு அண்ணே!"

"சிரிங்க, சிரிங்க" என்று சொல்லிக்கொண்டே அவர் வரிசைகளை மெஷினில் ஓட்டினார். பேச்சு சுவாரஸ்யத்தில் ஓரப்பட்டியும் மளமளவென்று முடிந்தது. மூன்று மணி பத்து நிமிஷத்துக்குக் கடைசித் தையலைப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, போர்வையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் டோக்கன் அக்கா பார்த்தார். எல்லாச் சதுரமும் சரியாக இருக்க, குடைத் துணி மட்டும் தலைகீழாக இருந்தது. குடைகள் எல்லாம் கைப்பிடி மேலே, துணி கீழே.

டைலர் அண்ணன் போர்வையைப் பிடுங்கிப் பார்த்தார். "நாப்பது வருஷத்துல ஒரு தடவ நான் இப்படித் தெச்சதில்ல. அஞ்சு நிமிஷம் கொடுங்க, பிரிச்சுடறேன்" என்று தையல் பிரிக்கிற ஊசியை எடுத்தார். ஆனால் ஒட்டுப்போர்வையை ஐந்து நிமிஷத்தில் பிரித்துவிட முடியாது. மணி மூன்றேகால் ஆனது.

எல்லாரும் தெருவுக்கு ஓடினார்கள். டோக்கன் அக்காவின் வீட்டுக்கும் பியானோ டீச்சரின் வீட்டுக்கும் நடுவில் அந்த வீடு வந்து நின்றிருந்தது, முதுகைக் காட்டிக்கொண்டு. தெருவைப் பார்த்து இருந்தது சமையலறை ஜன்னல், கழிவுநீர்க் குழாய், படியில் சாய்த்து வைத்த துடைப்பம், ஒரு பின்கதவு. கதவு திறந்து லவுட்ஸ்பீக்கர் எட்டிப் பார்த்தாள். கையெல்லாம் பாத்திரம் துலக்கிய நுரை. டோக்கன் அக்காவைப் பார்த்தாள், டைலர் அண்ணனின் கையில் இருந்த ஊசியைப் பார்த்தாள், சிரித்தாள். பியானோ தானாக ஒரு சுரம் வாசித்தது. கிளினிக்கில் பல்செட்டுகள் ஆடியிருக்கும், பார்க்கத்தான் அங்கே ஆள் இல்லை.

பாதிச் சிரிப்பில் அவள் நிறுத்தினாள். "அக்கா, அவரு டூட்டில இருக்காரு! வீட்ட இங்க கொண்டாந்துட்டீங்க, அவரு ஷிப்ட் முடிஞ்சு எங்க வருவாரு?" நுரைக் கையோடு வீட்டுக்குள் திரும்பி ஓடினாள். எல்லாரும் சமையலறை வழியாக, ஹால் வழியாக அவள் பின்னால் ஓடினார்கள். அவள் முன்கதவைத் திறந்தாள்.

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. இங்கே பின்வாசலில் சுள்ளென்று வெயில், அங்கே முன்வாசலில் மழை. தண்டவாளங்கள், ஒரு சிக்னல் கம்பம், வேறு பாஷையில் எழுதிய பெயர்ப்பலகை, நனைந்துகொண்டே சைக்கிள் தள்ளுகிற ஒருவர். வீட்டின் பின்பக்கம் மட்டும்தான் வந்திருந்தது, முன்பக்கம் இருந்த ஊரிலேயே இருந்தது. தெருக் கோடியிலிருந்து சிக்னல்காரர் டிபன் பாக்ஸோடு ஷிப்ட் முடிந்து வந்துகொண்டிருந்தார். வாசலில் பதினோரு பேர் நிற்பதைப் பார்த்து நின்றார். அப்புறம் உள்ளே வந்து, ஹாலைக் கடந்து, சமையலறையைக் கடந்து, பின்கதவில் நின்று வெயிலைப் பார்த்தார். முகத்திலிருந்து மழைத் தண்ணீர் சொட்டியது.

"அப்ப நாளைக்கு டூட்டி இருக்கு" என்றார்.

சட்டைப்பையில் ராஜினாமாக் கடிதம் மடித்து வைத்திருந்தார், மறுநாள் கொடுப்பதற்காக. அதை எடுத்து இன்னும் நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேஜைக் காலுக்கு அடியில் வைத்தார். ஆட்டம் நின்றது. டைலர் அண்ணன் தயங்கித் தயங்கி, வேண்டுமானால் துணியை நேராக்கித் தந்துவிடுகிறேன் என்று சொல்ல வந்தார். லவுட்ஸ்பீக்கர் அவர் கையிலிருந்த ஊசியைப் பிடுங்கி அலமாரி மேலே வைத்து, "அண்ணே, ஊசியோட இந்தப் பக்கம் வந்தீங்க, காலை உடைச்சிருவேன்" என்றாள்.

ரயில்வேக்காரர்கள் எதையும் கவனிக்கவில்லை. அவர்கள் பார்க்கிற பக்கத்தில் குவார்ட்டர்ஸ் அதன் இடத்திலேயேதான் இருந்தது. டோக்கன் அக்காவின் கணவர் பின்கதவில் தகடு அடித்து, பதிவேட்டில் 'முன்வாசல்: வேறு ஊர்' என்று எழுதினார். அதற்குக் கட்டம் இல்லாததால் ஓரத்தில் எழுத வேண்டியதாயிற்று. தபால்காரர்கள் இரண்டு பேரும் ஹாலில் சந்தித்துக்கொள்வார்கள், பாஷை தெரியாததால் தலையை மட்டும் ஆட்டிக்கொள்வார்கள். அந்த ஊரில் ஊசி நன்றாக இருக்கும், இந்த ஊரில் நூல் நன்றாக இருக்கும் என்று இரண்டு பக்கத்து ஆட்களும் வீட்டுக்குள்ளேயே நடக்க ஆரம்பித்தார்கள். ஈரக்காலோடு வருகிறவர்களை லவுட்ஸ்பீக்கர் இரண்டு பாஷையிலும் திட்டினாள். திட்டித் திட்டித்தான் அந்தப் பாஷையைக் கற்றுக்கொண்டாள்.

இப்போது சனிக்கிழமை கிளாஸில் பதினாறு பேர் இருக்கிறார்கள். அதில் ஐந்து பேர் ஒரு பகல் ஒரு ராத்திரி தூரத்து ஊர்க்காரர்கள், சமையலறை வழியாக நடந்து வருகிறார்கள். தாமதமாக வருகிறவர்கள் பல்வலி என்று சொல்வார்கள், மழை என்று சொல்வார்கள், டோக்கன் அக்கா தலையாட்டி உட்காரச் சொல்வார். தூரம் என்று சொன்னால் மட்டும் அங்கே யாரும் ஒத்துக்கொள்வதில்லை.