காலிக் கொடி

பக்கத்து வீட்டில் இருப்பவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். தினமும் மாலையில் தோட்டத்துச் சருகுகளைக் குவித்துக் கொளுத்துவார். புகை நேராக எங்கள் வீட்டுக்குள் வரும். இழுப்பு நோய் உள்ள என் மகள் இருமி இருமித் துவண்டுவிடுவாள். துணியிலும் புகைநாற்றம் ஏறியதால், கொல்லைக் கொடியை விட்டுவிட்டு அறைக்குள்ளேயே உலர்த்தினோம்.

ஒருநாள் புகார் கொடுக்கக் கிளம்பினேன். "முதல்ல அவர்கிட்ட சொல்லிப் பாருங்க. கடிச்சா திங்கப் போறார்?" என்றாள் மனைவி.

மதிலருகே நின்று மகளின் நிலையைச் சொன்னேன். அவர் பதறிப்போனார்.

"அய்யோ தம்பி, உங்க கொடியில துணி கிடந்தா நான் தீப்பெட்டியையே தொடமாட்டேனே! காலியா இருக்கேன்னுதானே தினமும் கொளுத்துறேன்!"

"உங்க புகைக்குப் பயந்துதாண்ணே கொடியே காலி!"

பழக்கதோஷத்தில் மறுபடி பற்றவைத்துவிடுவாரோ என்று, மனைவி அன்றே கொடியில் ஒரு துண்டைப் போட்டாள். பிறகு அதை எடுக்கவே இல்லை.

ஒரு வாரம் கழித்து அவர் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "அந்தத் துண்டு இன்னுமா காயல, தம்பி?"

"காயாதுண்ணே."

"அதானே பார்த்தேன்" என்று சிரித்தவர், மண்வெட்டியை எடுத்துச் சருகைப் புதைக்கக் குழி வெட்டத் தொடங்கினார்.